வீட்டுக்கு ஒரு நாஸ் பெட்டி: ஒரு கேள்வியும் ஓராண்டுக் குறிப்புகளும்

கேள்வி: 3 நவம்பர் 2024, காலை

கோவையிலிருந்து கேட்கிறேன். வீட்டில் நான்கு கைப்பேசிகள், இரண்டு மடிக்கணினிகள். கூகுள் தரும் இலவச 15 ஜிபி நால்வருக்கும் நிறைந்துவிட்டது. 2 டிபி திட்டத்துக்கு மாதம் 650 ரூபாய், ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 6,500 ரூபாய் கேட்கிறார்கள். இப்படி ஆயுள் முழுக்க வாடகை கட்டுவதைவிட ஒரு நாஸ் பெட்டியை (ரவுட்டரோடு இணைத்து வீட்டில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் வன்தட்டுப் பெட்டி) வாங்கி வைத்துவிட்டால் ஒருமுறைச் செலவோடு முடிந்துவிடும். நம் படங்கள் நம் வீட்டிலேயே இருக்கும். இரண்டு வன்தட்டுகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். இது என் கணிப்பு. இதில் ஏதேனும் பிழை இருக்கிறதா?

3 நவம்பர் 2024, இரவு

மூன்று பிழைகள் இருக்கின்றன. மூன்றையும் நானே செய்தவன் என்பதால் சற்று உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் பணம். கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவசச் சேமிப்பை நிறுத்தப்போகிறது என்ற அறிவிப்பு தந்த கோபத்தில், அந்த ஆண்டு மார்ச்சில் நான் வாங்கினேன். இரண்டு தட்டுகள் கொள்ளும் பெட்டிக்கு 21,000 ரூபாய், தலா 4 டிபி கொண்ட இரண்டு வன்தட்டுகளுக்கு 19,000 ரூபாய், யுபிஎஸ்ஸுக்கு 3,500 ரூபாய், ஆக மொத்தம் 43,500. இதை நீங்கள் சொல்லும் 6,500ஆல் வகுத்தால் ஆறரை ஆண்டுக்கு மேல் வருகிறது. என் வன்தட்டுகளுக்கு உத்தரவாதம் மூன்றே ஆண்டுகள். போட்ட பணத்தை இந்தப் பெட்டி திருப்பித் தருவதற்குள் தட்டுகளில் ஒன்றையாவது மாற்ற நேரும் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயமான கணக்கு.

அதே பணக் கணக்கில் அடுத்தது மின்சாரம். பிளக்கில் செருகும் அளவியை வைத்து ஒரு வாரம் பார்த்ததில் என் பெட்டி சராசரியாக 18 வாட் எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு 0.43 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 26 யூனிட். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் தமிழ்நாட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் வேறு கணக்கு வந்துவிடுகிறது. கோடையில் ஏசி ஓடும் வீட்டில் 490இல் நின்றிருக்க வேண்டிய அட்டையை இந்த 26 யூனிட் 516க்குத் தள்ளினால், அந்த முறை கட்டும் கூடுதல் தொகைக்கு நாஸ்தான் பொறுப்பு.

உங்களிடம் 8 டிபி, 10 டிபி என்று வீடியோக் கோப்புகள் இருந்தால் கணக்கு தலைகீழாகும். அந்த அளவுக்குக் கூகுள் போன்ற மேகச் சேமிப்பில் கட்ட வேண்டிய வாடகை பெட்டியின் விலையைச் சீக்கிரமே விழுங்கிவிடும். நான்கு கைப்பேசிகளின் படங்களுக்கு மட்டும் என்றால், மிச்சம் பிடிப்பதற்காக வாங்காதீர்கள். வேறு காரணம் இருந்தால் வாங்குங்கள். மற்ற இரண்டு பிழைகளைப் பிறகு எழுதுகிறேன்.

5 நவம்பர் 2024

பிழைகளுக்குப் போகும் முன், வாங்கியதற்காக நான் ஏன் வருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

என் வீட்டில் இருந்தது இடப் பற்றாக்குறை அன்று, சிதறல். 2009இலிருந்து எடுத்த படங்கள் பழைய கணினி ஒன்றிலும், மூன்று கையடக்க வன்தட்டுகளிலும், எண்ணிக்கை தெரியாத பென்டிரைவுகளிலும் கிடந்தன. "மகளின் முதல் பிறந்தநாள் எங்கே?" என்று மனைவி கேட்டால் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி, ஆண்டுவாரியாகப் பிரித்து, வீட்டில் யார் எந்தத் திரையிலிருந்து கேட்டாலும் கிடைக்கும்படி வைத்தது இந்தப் பெட்டி. கைப்பேசிகளில் எடுக்கும் படங்கள் இரவில் தாமாகவே அதில் ஏறிவிடுகின்றன. இதை ஒரு கையடக்க வன்தட்டு செய்யாது. அதை யாராவது எடுத்துச் செருக வேண்டும், அந்த யாராவது ஒருநாளும் வருவதில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிகாபிட் கம்பி இணைப்பில் நொடிக்கு 110 எம்பி வரை போகும் என்று படித்துவிட்டு வாங்கிய எனக்கு முதல் இரண்டு வாரங்கள் 11 எம்பிக்கு மேல் கிடைக்கவில்லை. 700 ஜிபியை ஏற்ற ஒரு பகலும் ஓர் இரவும் கேட்டது. மென்பொருளைக் குறை சொன்னேன், தட்டைக் குறை சொன்னேன், வாங்கிய என்னையே குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால், பரணில் கிடந்த பழைய லேன் கம்பியைத்தான் ரவுட்டரிலிருந்து இழுத்திருந்தேன். அதன் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கொண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எட்டுக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. நூறு மெகாபிட்டுக்கு நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எண்பது ரூபாய்க்குப் புதுக் கம்பி வாங்கிச் செருகியதும் பெட்டியின் பின்புறம் ஆரஞ்சாக எரிந்த விளக்கு பச்சையானது. பிறகு அதே அளவு இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிட்டது.

எந்தப் பெட்டி என்று கேட்பவர்களுக்கு: இயங்குதளத்தின் எளிமையைப் பொறுத்தவரை சினாலஜி நிறுவனத்தின் பிளஸ் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். (பின்குறிப்பு: இந்த வாக்கியத்தை 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றிருக்கிறேன். கீழே பார்க்கவும்.)

6 நவம்பர் 2024

"இரண்டு 4 டிபி போட்டால் 8 டிபி வரும்தானே, உங்கள் நாஸில் ஏன் 3.6 என்று காட்டுகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றின் பிரதியாக இயங்குவதால் எட்டு நான்காகிறது. நான்கு 3.6 ஆவது, தட்டு செய்பவர் ஆயிரம் ஆயிரமாகவும் கணினி 1,024 வீதமாகவும் எண்ணுவதால். நகைக்கடைச் சேதாரம் போலத் தோன்றினாலும் இதில் யாரும் எதையும் எடுத்துக்கொள்வதில்லை.

17 நவம்பர் 2024

இரண்டாவது பிழை: "ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும்."

இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். நம் ஊரில் ரெய்டு என்றால் வருமான வரித் துறைதான் நினைவுக்கு வரும். அனுபவத்தில் பெரிய வேறுபாடு இல்லை, இரண்டிலும் காலையில் இருந்தது மாலையில் இருப்பதில்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை. ரெய்டு 1 என்ற முறையில், ஒரு தட்டில் எழுதும் ஒவ்வொன்றும் அதே கணத்தில் மற்றொன்றிலும் எழுதப்படுகிறது. தட்டு ஒன்று எந்திரக் கோளாறில் நின்றுபோனால் வேலை தடைப்படாது. அந்த ஒரு ஆபத்துக்கு மட்டுமே அது மருந்து. ஆனால் நாம் கோப்புகளை இழப்பது பெரும்பாலும் தட்டு கெடுவதால் அன்று, நம் கையால்.

1987இல் கும்பகோணத்துக்கு அருகே உள்ள எங்கள் ஊரில், பாட்டி பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் அப்பா டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். அவற்றைக் கணினிக்கு மாற்றியபோது 41 கோப்புகள் வந்தன. 2022இல் ஒரு விடுமுறை நாளில் இரட்டைக் கோப்புகளைக் களையெடுக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். "அப்பா" என்றும் "அப்பா பழையது" என்றும் இரண்டு கோப்புறைகள் இருந்தன, பழையதை அழித்தேன். பெயரில் இருந்த "பழையது" என்பது பதிவுகளின் வயதைக் குறித்தது என்பதும், "அப்பா" என்ற கோப்புறையில் அவருடைய ஓய்வூதியத் தாள்கள்தாம் இருந்தன என்பதும் மூன்று வாரங்கள் கழித்துத் தெரிந்தது. இரண்டு தட்டுகளும் என் ஆணையை ஒரே கணத்தில், ஒரே பணிவோடு நிறைவேற்றியிருந்தன. குப்பைத் தொட்டி வசதியை இடம் மிச்சமாகட்டும் என்று நானே அணைத்து வைத்திருந்தேன்.

அண்ணன் மகனின் மடிக்கணினியில் ஒரு நகல் இருந்தது. அதில் 33 கிடைத்தன. எட்டு இல்லை. மூல நாடாக்களைத் தேடினோம். எடுத்துப் பார்த்தால் நாடா முழுக்கப் பூஞ்சை படர்ந்து வெளுத்திருந்தது. ஓடவிட்ட முதல் நாடா இரண்டாவது நிமிடத்தில் அறுந்துபோனது.

அதன் பிறகு செய்தவை: குப்பைத் தொட்டியைத் திறந்தேன், தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்க வைத்தேன். ஸ்னாப்ஷாட் என்பது கோப்புகளின் அந்த நேரத்து நிலையைக் குறித்து வைத்துக்கொள்வது. முழு நகல் எடுப்பதில்லை, மாறிய பகுதிகளின் பழைய வடிவத்தை மட்டும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால் இடம் அதிகம் போவதில்லை. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் இதைச் செய்கின்றன. வாங்கும் பெட்டி இவற்றில் ஒன்றை ஏற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செயலியின் வேகம், நினைவகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1 டிசம்பர் 2024

மூன்றாவது பிழையை எழுதுவதற்கு ஃபெஞ்சல் புயலே நாள் குறித்துக் கொடுத்துவிட்டது. நேற்று இரவு அது புதுச்சேரி அருகே கரை கடந்தது; சென்னையில் விமான நிலையத்தையே மூடினார்கள். எங்கள் வேளச்சேரித் தெருவில் முற்பகலிலேயே கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கத்தியது, ஐந்து நிமிடத்தில் நாஸ் தானாகவே முறைப்படி அணைந்தது, நானும் போய்ப் படுத்துவிட்டேன். இது இப்படி அமைதியாக நடக்க எனக்கு இரண்டு யுபிஎஸ்கள் ஆயின.

முதலில் வாங்கியதில் மின்கலம் இருந்ததே தவிர, நாஸோடு பேசுவதற்கான யுஎஸ்பி துளை இல்லை. கரண்ட் போனதை நாஸுக்குச் சொல்ல ஆளில்லாததால், அது மின்கலம் தீரும்வரை எதுவுமே நடவாததுபோல எழுதிக்கொண்டிருந்துவிட்டுப் பாதி எழுத்தில் செத்துப்போகும். யுபிஎஸ் இல்லாதிருந்தால் உடனே நடந்திருக்க வேண்டியது இருபது நிமிடம் தாமதமாக நடந்தது, அவ்வளவுதான். "வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்: கரண்டிலிருந்து மின்கலத்துக்கு மாறும் இடைவெளியில் மின்விசிறி தளராது, ஆனால் நாஸ் மறுபடி கிளம்பக்கூடும், மின்கலம் தீர்ந்துவருகிறது என்று நாஸுக்குச் சொல்லவும் வீட்டு இன்வெர்ட்டருக்கு வாய் இல்லை.

சென்ற ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயலின்போது, இதே வீட்டில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் ஏறியது. 2015இல் பார்த்தது என்பதால் அறிகுறி தெரிந்தவுடன் நான் முதலில் தூக்கியது நாஸ் பெட்டியை. அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறியபோது, மனைவி கீழே அரிசி மூட்டையோடு நின்றுகொண்டு சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. மாடி வீட்டுக்காரர் கூடத்தில் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: பதினைந்து ஆண்டுப் படங்கள் இரண்டு தட்டுகளில் இருக்கின்றன, அந்த இரண்டு தட்டுகளும் ஒரே பெட்டியில், அந்தப் பெட்டி ஒரே தெருவில், அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நான் அப்போது வெளியூரில் இருந்திருந்தால்?

"நம் வீட்டிலேயே இருக்கும்" என்பதை நீங்கள் நன்மைக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தீமைக் கணக்கிலும் ஒருமுறை எழுதுங்கள். மூன்று நகல், இருவகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று கணினித் துறையினர் சொல்லும் விதியை நான் பல ஆண்டுகளாகப் படித்துத் தலையாட்டியிருக்கிறேன். கடைப்பிடித்தது அந்தப் புயலுக்குப் பிறகுதான். இப்போது நாஸின் முழு நகல் ஒரு 4 டிபி கையடக்க வன்தட்டில் திருச்சியில் அண்ணன் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதற்குச் சோடியாக இன்னொன்று இங்கே. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்து வருகிறேன். இந்த இரண்டு வன்தட்டுகளின் விலையையும் நான் முதல் குறிப்பில் சேர்க்கவில்லை. 43,500 என்பதை 62,000 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

22 ஏப்ரல் 2025

திரும்பப் பெறுகிறேன். தன் 2025 மாடல் பிளஸ் வரிசைப் பெட்டிகளில், தன் பெயரில் விற்கும் தட்டுகளையோ தான் சான்றளித்த தட்டுகளையோ போட்டால்தான் முழு வசதிகளும் கிடைக்கும் என்று சினாலஜி அறிவித்திருக்கிறது. எந்தத் தட்டை வேண்டுமானாலும் போடலாம் என்பதற்காகத்தான் பலரும் தனிப் பெட்டியாக வாங்குகிறோம். மேகச் சேமிப்புக்காரர் நினைத்த நேரத்தில் விதியை மாற்றுகிறார் என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்தவனுக்கு, வீட்டுக்குள்ளே இருக்கும் பெட்டிக்கும் ஒரு முதலாளி உண்டு என்று நினைவூட்டியிருக்கிறார்கள். ஓரளவு கை வருமென்றால் பழைய கணினியில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். முதலாளி இருக்க மாட்டார், ஆனால் வேலைக்காரரும் நீங்கள்தான்.

தட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்று விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில் எஸ்எம்ஆர் முறையைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டது. அதுவரை அட்டைப்பெட்டியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எஸ்எம்ஆர் என்பது தட்டின் தடங்களை நாட்டு ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதுவது. இடம் மிச்சம். ஆனால் கூரையின் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்த வரிசைகளையெல்லாம் எடுத்து மறுபடி வேய வேண்டுமே, அதே பாடுதான் இங்கும். சாதாரண நாள்களில் தெரியாது. கெட்டுப்போன தட்டுக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு முழுவதையும் மீட்டெழுதும்போது மூச்சு வாங்கும். வாங்கும் முன் தட்டின் மாடல் எண்ணை வைத்து அது சிஎம்ஆர்தானா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் எழுதும் முறை) என்று தயாரிப்பாளரின் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

15 ஜூன் 2025

தட்டு போய்விட்டது.

பத்து நாள்களாகக் கூடத்தில் இரவு நேரத்தில் "டிக், டிக், டிக்" என்று ஒரு சத்தம். அம்மா, "பல்லி சொல்லுது, வடக்கே இருந்து, நல்லதுதான்" என்றார். நானும் பல்லி என்றே நம்பி, அது சொல்லும் நேரத்தில் நினைத்த காரியங்கள் சிலவற்றை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தேன். நேற்று அதிகாலை பெட்டி பீப் ஒலி எழுப்பி, இரண்டாம் தட்டு செயலிழந்தது என்று மின்னஞ்சல் அனுப்பியது. பின்னோக்கிப் பார்த்தால், அதே பெட்டி ஜூன் முதல் வாரத்திலேயே மோசமான பகுதிகளின் எண்ணிக்கை கூடிவருவதாக இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறது. அவை விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தன. பல்லியின் சொல்லுக்குக் கொடுத்த மரியாதையில் பாதியை அந்த மின்னஞ்சல்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

வாங்கி நான்கு ஆண்டு மூன்று மாதங்கள். உத்தரவாதம் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ரிச்சி தெருவில் புதிய தட்டு 11,000 ரூபாய். 62,000 இப்போது 73,000.

16 ஜூன் 2025

மீட்டெழுத எட்டரை மணி நேரம் ஆனது. படிப்பதற்கு இது சிறிய எண். உட்கார்ந்திருந்தவனுக்கு இல்லை. மிச்சமிருக்கும் தட்டும் அதே நாளில், அதே கடையில், அடுத்தடுத்த வரிசை எண்ணோடு வாங்கியது. அதுவும் அதே நான்கு ஆண்டுகள் ஓடியது. ஓரிடம் விடாமல் படிக்கச் சொல்லி அதைக் கசக்கிப் பிழிவது இந்த எட்டரை மணி நேரத்தில்தான். இரண்டு தட்டுகளையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள், ஓரிரு மாத இடைவெளியாவது விடுங்கள் என்று யாரோ எப்போதோ சொன்னதை அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எட்டரை மணி நேரமும் வீட்டில் மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றே அவர்கள் நினைத்தார்கள். நவம்பரில் நான் ரெய்டைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன்.

9 ஜூலை 2025

வெளியூரிலிருந்து வீட்டு நாஸைத் திறப்பது பற்றிக் கோவை நண்பர் கேட்டிருக்கிறார்.

நான் 2021இல் செய்தது: ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து நேரே நாஸின் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தால், "அட்மின்" என்ற பெயரில் ஒரே இரவில் நானூறுக்கும் மேற்பட்ட உள்நுழைவு முயற்சிகள், எனக்குத் தெரியாத நாடுகளிலிருந்து. என் வீட்டுக்கு அவ்வளவு விருந்தாளிகள் ஒருநாளும் வந்ததில்லை. அன்றே மூடினேன்.

மூடியது எவ்வளவு சரி என்று அடுத்த சில மாதங்களில் தெரிந்தது. 2021 ஜூனில் உலகெங்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற சேமிப்புப் பெட்டியை வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. தொலைவிலிருந்து யாரோ தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியிருந்தார்கள். அந்தச் சாதனத்துக்கு 2015க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே வந்திருக்கவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல் இணையத்துக்குத் திறந்துவைக்கப்பட்டிருந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. தட்டு நன்றாகத்தான் இருக்கும், ஸ்னாப்ஷாட் வரை தொடக்கூடிய உரிமை திருடனிடம் போய்விட்டால் அதுவும் உதவாது. மின்சாரமே இல்லாமல் பீரோவில் கிடக்கும் திருச்சித் தட்டை மட்டும் எந்தத் திருடனாலும் இணையம் வழியே தொட முடியாது.

இப்போது பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுக்கிறார்கள். ஆகவே திறக்க நினைத்தாலும் வாசல் திறப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, என்னைக் கேட்டால் அது வரம். டெய்ல்ஸ்கேல் போன்ற ஒரு செயலியை நாஸிலும் கைப்பேசியிலும் நிறுவினால் இரண்டும் வெளிவாசல் திறக்காமலே ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. வயர்கார்டு என்ற முறையில் குறியாக்கம் செய்த (பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய) பாதை அது. வீட்டு உபயோகத்துக்குக் கட்டணமில்லை. நிறுவப் பத்து நிமிடம்.

24 ஆகஸ்ட் 2025

இதுவரை எழுதியது எல்லாம் இயந்திரத்தின் குறைகள். நவம்பரில் மூன்று பிழைகள் என்றேன். நான்காவது ஒன்று உண்டு. அது எனக்கே சென்ற வாரம்தான் தெரிந்தது.

என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் காலமானார். எங்கள் வட்டத்தில் நாஸை முதலில் வாங்கியவர் அவர். எனக்கு வாங்கச் சொன்னவரும் அவர்தான். பத்தாம் நாள் முடிந்து அவருடைய மகன் அழைத்தார். "அங்கிள், அப்பாவோட பெட்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு. அம்மா படம் கேக்கறாங்க. எப்படித் திறக்கணும்னு எங்க யாருக்கும் தெரியல." போனேன். பச்சை விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. தட்டுகள் இரண்டும் நலம். யுபிஎஸ் நலம். அவர் என்னைவிடக் கவனமானவர் என்பதால் குடும்பப் படங்கள் இருந்த கோப்புறையைக் குறியாக்கம் செய்து வைத்திருந்தார். நிர்வாகக் கடவுச்சொல்லைப் பின்புறத் துளையில் ஊசி வைத்து அழித்து மாற்ற முடிந்தது. குறியாக்கச் சாவியை மாற்ற முடியாது. அது அவர் நினைவில் மட்டும் இருந்தது. மேகச் சேமிப்பிலாவது, கணக்கு இத்தனை மாதம் அசையாமல் கிடந்தால் இன்னாருக்கு அனுமதி கொடு என்று கூகுளிடம் முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. இந்தப் பெட்டி கேட்பதற்கு ஆளில்லாத காவல்காரன்.

அந்த அம்மாவிடம் நான் என்ன சொன்னேன் என்பது வேண்டாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: பெட்டி எங்கே, கடவுச்சொல் என்ன, சாவி என்ன, திருச்சித் தட்டு எதற்கு. எல்ஐசி பத்திரங்களோடு வைத்துவிட்டு, மனைவியிடம் "நான் ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டு இதைப் பார்த்து ஒரு படத்தை எடு" என்றேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். "கோப்புறையை மவுண்ட் செய்க" என்று எழுதியிருந்தேன். "மவுண்ட் ரோடு தெரியும், இது என்ன?" என்றார். அவர் நின்ற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு மறுபடி எழுதினேன். நான்காவது வடிவத்தில், என்னை எதுவும் கேட்காமல், 2011 பொங்கல் படத்தைத் திறந்துவிட்டார்.

31 ஆகஸ்ட் 2025

"கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதுவதா, பாதுகாப்பு என்ன ஆவது?" என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். என் பீரோவை உடைத்து உள்ளே வரும் திருடன் நகைகளை விட்டுவிட்டுப் பாட்டியின் நடவுப் பாட்டை எடுத்துப்போனால், எடுத்துப்போகட்டும்; ஒரு நகல் கூடுதலாக ஆகும்.

12 அக்டோபர் 2025

திரும்பப் பெற்றதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். சினாலஜி இம்மாதம் வெளியிட்ட டிஎஸ்எம் 7.3 இயங்குதளப் பதிப்போடு பிளஸ் வரிசையில் பிற நிறுவன வன்தட்டுகளுக்கு மீண்டும் இடம் கொடுத்திருக்கிறது. ஆறே மாதம். வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; கண்ணை மூடிக்கொண்டு என்ற சொல்லை மட்டும் மீண்டும் போட மாட்டேன்.

கோவை நண்பர் என்ன செய்தார் என்பதையும் எழுதியிருக்கிறார். நாஸ் வாங்கவில்லை. ஆண்டுக்கு 6,500 கட்டிவிட்டு, இரண்டு 2 டிபி கையடக்க வன்தட்டுகளை வாங்கி, மாதத்தின் முதல் ஞாயிறு ஒன்றில் நகலெடுக்கிறாராம். ஒன்று மாமனார் வீட்டில். அவர் வீட்டுக்கு அதுவே சரி என்று நினைக்கிறேன். நாஸ் வாங்கினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை தப்பாது: மாதம் அரை மணி நேரம் மின்னஞ்சல்களைப் படிக்க, புதுப்பிக்க, ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்க. அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதால்தான் என் வீட்டில் இது நான்கரை ஆண்டாக ஓடுகிறது. 73,000 ரூபாய்க்கு வேறு நியாயம் என்னிடம் இல்லை.

22 அக்டோபர் 2025, திருச்சி

தீபாவளிக்கு வந்த இடத்தில் தட்டை மாற்றும் முன் சோதித்தேன். பொங்கலன்று கொடுத்த தட்டு. அதில் 2024 டிசம்பர் வரையிலான படங்கள் எல்லாம் இருக்கின்றன, "ஆவணங்கள்" கோப்புறை மட்டும் காலி. நகலெடுக்கும் பணியில் அந்த ஒன்றைத் தேர்வு செய்ய மறந்திருக்கிறேன். பத்து மாதமாக, இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த நகல். இம்முறை கொண்டுவந்த தட்டிலும் அதே கதிதான்; ஊர் திரும்பியதும் சரிசெய்து கூரியரில் அனுப்ப வேண்டும்.

பீரோவில் தட்டை வைக்க இடம் ஒதுக்கியபோது, அண்ணி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள்ளிருந்து காகித உறையிட்ட சிடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேலே அப்பாவின் கையெழுத்தில் "அம்மா பாட்டு, 2004". பஜாரில் யாரிடமோ கொடுத்து மாற்றியிருக்கிறார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் வீட்டில் மூன்று மடிக்கணினிகள் இருக்கின்றன. ஒன்றிலும் சிடி போடும் இடம் இல்லை.

2 நவம்பர் 2025

வெளியே செருகும் டிவிடி டிரைவ் 1,400 ரூபாய். சிடியின் ஓரத்தில் பூச்சு உரிந்திருக்கிறது. இருந்தும் காணாமல் போன எட்டில் ஐந்து முழுமையாகப் படிக்க முடிந்தது. ஆறாவது, நடவுப் பாட்டு, இரண்டாவது கண்ணியில் பாட்டி மூச்சு வாங்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆறையும் "பாட்டி பாடல்கள் 1987 - அழிக்காதே" என்ற கோப்புறையில் போட்டிருக்கிறேன். நாஸில் ஒன்று, இங்கிருக்கும் தட்டில் ஒன்று, மகளின் கைப்பேசியில் ஒன்று. திருச்சிக்கு அனுப்பும் தட்டு இன்னும் மேசைமேல் இருக்கிறது.